பன்னிரண்டு அடி

கண்ணாடிக்கடை பாயிடம் கண்ணாடி போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தைச் சொல்வார்கள். அவர் யார் முகத்துக்கும் கிட்டே வந்து பேசமாட்டார். ஃப்ரேமை எடுத்துக் கையில் கொடுப்பார், இரண்டு எட்டு பின்னால் போய் நிற்பார், அங்கிருந்தே தலையைச் சாய்த்துப் பார்த்து, "காது பக்கம் டைட்டா இருக்குங்களா?" என்று கேட்பார். அளவெடுக்கும்போது மட்டும் "கிட்ட வரலாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பக்கத்தில் வருவார். மூக்குக் கண்ணாடி விற்கிறவர் மூக்கைத் தொட அனுமதி கேட்கிறார் என்று எங்கள் தெருவில் கேலி பேசுவோம். அந்தக் கேலியை ஆரம்பித்து வைத்தவன் நான்தான்.

மலையடிவாரத்துப் பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அவர் கடையும் என் ஜெராக்ஸ் கடையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். என் கடையை எட்டரைக்கெல்லாம் திறந்துவிடுவேன். அவர் பத்தரைக்கு வருவார், செருப்பில் ஏரிச் சேறோடு, தோளில் ஒரு கேமராவோடு. விடியும்போதே வேங்கிக்கால் ஏரியிலோ மலைக்குப் பின்பக்கத்துக் கரம்பிலோ பறவைகளைப் படம் எடுக்கப் போய் உட்கார்ந்திருப்பார். வெயில் ஏறித் தண்ணீர் மேல் காற்று நெளிய ஆரம்பித்தால் படம் கலங்கிவிடும் என்று எழுந்து வருவார். எல்லா நாளும் அதே சாம்பல் சட்டை. "ஏன் பாய், ஒரு சட்டைதான் இருக்குதா?" என்றால், "மாத்தினா புது ஆளுன்னு நெனச்சுக்கும் தம்பி" என்பார்.

கேமராவில் மாட்டியிருந்த லென்ஸ் முக்கால் முழம் இருக்கும். ஆசிரமத்துப் பக்கம் பல வருஷம் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அது முன்னே பின்னே இழுத்துப் பெரிதாக்குகிற லென்ஸ் இல்லை. "பறவை பெருசா வேணும்னா நாமதான் நடந்து போவணும். லென்ஸு நடக்காது" என்பார். நடப்பதற்கும் ஓர் எல்லை இருந்தது. பன்னிரண்டு அடிக்குள் வந்துவிட்டால் அந்த லென்ஸுக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கேமராவைக் கீழ வெச்சிட்டு வெறுங்கண்ணால பார்க்க வேண்டியதுதான்."

"அவ்ளோ கிட்ட எத்தனை பறவை வுட்டிருக்குது?"

"ஒண்ணு கூட இல்ல" என்று சந்தோஷமாகச் சொன்னார். இப்படிச் சொல்லிவிட்டு ஒரு மனிதர் சிரிப்பாரா என்று எனக்குத் தோன்றியது.

படங்களை என் கடையில்தான் பிரிண்ட் போடுவார். பென் டிரைவில் கொண்டுவருவார். ஒவ்வொரு படத்துக்கும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துப் பெயர் வைத்திருப்பார். நீங்கள் நினைப்பதுபோல் மீன்கொத்தி, நாரை என்று இருக்காது. '180 அடி', '95 அடி' என்று இருக்கும். எந்தப் பறவை என்று பார்க்கத் திறந்துதான் ஆகவேண்டும். எனக்கு எரிச்சலாக வரும்.

"பேரை எழுதித் தொலைச்சா என்ன பாய்?"

"பேரு புக்குல இருக்குது. அது என்னை எவ்ளோ தூரம் வரவுட்டுச்சுன்னு எனக்கு மட்டுந்தான தெரியும்."

ஒரு தடவை கண்கிலேடி என்று ஒரு பறவையின் படங்களைக் கொண்டுவந்தார். கோழிக்குஞ்சுக்கு நீளக்கால் வைத்தாற்போல் இருக்கும், மண் நிறம், முகத்தில் பாதி மஞ்சள் கண். "இதுக்கு ஃப்ரேம் போடணும்னா நம்ம கடையில கெடைக்காது" என்றார். பகலெல்லாம் புதரடியில் கல்போல் உட்கார்ந்திருக்குமாம். முதல் படத்தில் அது ஒரு புள்ளி. வாரத்துக்குப் பத்தடி என்று கணக்கு வைத்து, தினமும் அதே சட்டையில் அதே நேரத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். அது தலையைத் தூக்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், எழுந்து, மறுநாள் இருபதடி பின்னால் போய் உட்காருவார். பத்து மாதம் கழித்து எடுத்த படத்தின் பெயர் '40 அடி'. அதில் அந்தக் கண்ணுக்குள் மலையின் நிழல்கூடத் தெரிந்தது. நான் அதை லேமினேட் போட்டுக் கடையில் மாட்டினேன். இன்னும் இருக்கிறது.

'தலை தூக்கிடுச்சு' என்பதை அவர் மனிதர்களுக்கும் சொல்வார். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். ஆதார் ஜெராக்ஸுக்கு வந்தவரோடு நான் சண்டை பிடிக்கும்போது, பக்கத்துக் கடைப் படியில் நிற்கும் பாய் மெதுவாக உள்ளே போய்விடுவார். அடங்கியதும் டீயோடு வருவார். "தலை தூக்கியிருந்தீங்க. அதான் வரல" என்பார்.

அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, அந்தப் பெண் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் ஆளாளுக்கு அவளைத் துளைத்திருக்கிறார்கள். இவர் ஒன்றும் கேட்காமல், மூன்று நாளும் அவள் இருந்த அறையின் வாசலில் உட்கார்ந்து பழைய ஃப்ரேம்களுக்குத் திருகு மாற்றிக்கொண்டிருந்தாராம். நாலாம் நாள் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு வாணியம்பாடியில் ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். அங்கேதான் கட்டிக் கொடுத்தார். இதைச் சொல்லும்போது பாய்க்கு முகமெல்லாம் பெருமை.

ஆனால் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார், ஒரே ஒரு தடவை. அவர் மனைவி கடைசி நாட்களில் ஒரு வாரம் போலப் பேசாமல் இருந்தாராம். ஏதோ கோபம், தானே சொல்லட்டும் என்று இவர் தள்ளியே இருந்துவிட்டார். நெஞ்சுவலியை அந்த அம்மா யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. "அன்னிக்கி மட்டும் கிட்ட போயிருக்கணும்" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கழுவ எழுந்து போனார். நான் மெஷினில் பேப்பர் நிரப்பினேன்.

என் அண்ணனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன் குடித்துவிட்டு வந்தான். பந்தி நடந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், என்னைவிட ஆறு வயது மூத்தவனை, நான் கன்னத்தில் அறைந்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. கீழே விழுந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு வெளியே போனான். அதோடு சரி. சென்னை, திருப்பதி, காசி என்று யார் எங்கே பார்த்தேன் என்றாலும் ஓடினோம். பதினோரு வருஷம். அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் தினமும் சோறு போடும்போது, "பெரியவன் எங்க சாப்பிடறானோ" என்று தட்டைப் பார்த்துச் சொல்வார். அண்ணன் போகும்போதே அம்மாவுக்குக் கண்ணில் புரை ஆரம்பித்திருந்தது, முற்றட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிற்பாடு ஆபரேஷன் ஆனதும் கண்ணாடி போட்டுவிட்டது பாய்தான். அண்ணனுக்கும் காலேஜ் நாளிலிருந்து அவர்தான் கண்ணாடி. எங்கள் வீட்டுக் கதை அவருக்குத் தெரியாததல்ல.

ஒரு நாள் பாய் வேலூருக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். ஒரு மீன்கொத்தியைப் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொல்லி பென் டிரைவைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். உள்ளே இரண்டு ஃபோல்டர். மீன்கொத்தி இருந்ததை விட்டு மற்றதைத் தவறித் திறந்துவிட்டேன். நாற்பது ஐம்பது பெயர்கள் வரிசையாக வந்தன. வழக்கம்போல எல்லாம் அடிக்கணக்கு. முதலில் இருந்த '300 அடி' என்பதைத் திறந்தேன்.

ஏரிக்கரையில் ஒரு பனைமரம். அதன் அடியில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு சாமியார், தாடியோடு, ஒரு காலை மடக்கி அந்த முட்டியின் மேல் மோவாயை வைத்து உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் ஒருவன் மட்டுமே அப்படி உட்காருவான். சாப்பிடும்போதும் அப்படித்தான், அப்பாவிடம் திட்டு வாங்குவான். படத்தைப் பெரிதாக்கினேன். புள்ளி புள்ளியாக உடைந்தது. அப்படியும் கண்ணாடியின் ஒரு பக்கம் காம்பு இல்லாமல் நூல் கட்டியிருந்தது தெரிந்தது. எடுத்த தேதியைப் பார்த்தேன். இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மற்ற படங்களை நான் பார்க்கவில்லை. ஒன்றையாவது பார்த்திருக்கலாம். கை அடுத்த பெயர்மேல் போகவே இல்லை.

படத்தில் பின்னால் மலை தெரிந்தது. எந்தப் பக்கமிருந்து மலை எப்படித் தெரியும் என்று எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடி அண்ணாமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஏரி. மாதா மாதம் பௌர்ணமிக்கு அந்த வழியாகத்தான் குடும்பத்தோடு மலை சுற்றியிருக்கிறோம். வழியில் உட்கார்ந்திருக்கும் சாமியார்களின் தட்டைப் பார்த்திருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை.

கடையை மூடினேன். அம்மாவையும் என் மனைவியையும் சித்தப்பா மகனையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஏரிக்குப் போகும் மண்பாதையில் ஆட்டோ இறங்கும்போதே, அவன் அதே பனையடியில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அம்மா, "பெரியவனே!" என்று கத்திக்கொண்டு இறங்கினார். ஆள்காட்டிக் குருவிகள் கூச்சலிட்டுக்கொண்டு எங்கள் தலைக்கு மேல் சுற்றின. அவன் எழுந்து நின்றான். எங்களைப் பார்த்துக் கும்பிட்டான். போகாமல் நின்றிருப்பான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நான் அம்மாவைத் தாண்டிக்கொண்டு, "டேய், நில்லுடா!" என்று ஓடினேன். பதினோரு வருஷம் கழித்து மூத்தவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவன் திரும்பி, கரைக்கு அந்தப்பக்கம் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் போய்விட்டான். சித்தப்பா மகனும் நானும் இருட்டும்வரை தேடினோம். பனையடியில் ஒரு துண்டும் ஒரு தூக்குவாளியும் இருந்தன. மறுநாள் போனோம், அடுத்த பௌர்ணமிக்குப் போனோம். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

அண்ணன் ஓடிய மறுநாள் காலையில் பாய் கடைதிறக்க வந்தார். அவர் பூட்டில் கை வைப்பதற்குள் நான் தெருவில் இறங்கிவிட்டேன்.

"ரெண்டு வருஷமா தெரியுமா உங்களுக்கு?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஓர் எட்டு பின்னால் வைத்தார். அந்த ஓர் எட்டு என்னை எரித்தது.

"எங்கம்மா தெனம் அழுவறது உங்களுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? ஒளிஞ்சிருந்து படம் புடிக்கறதுக்கு எங்கண்ணன் என்ன கொக்கா, நாரையா?"

"தம்பி, இன்னும் ஒரு பத்து நாள்..."

"பொண்டாட்டி செத்தப்பவும் இப்படித்தான நின்னு பார்த்தீங்க?"

சொல்லிவிட்டேன். தெருவில் எல்லாரும் நின்றார்கள். பூக்கடைக்காரர் என் கையைப் பிடித்தார். அம்மாவும் பின்னாலேயே வந்திருந்தார், கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பாய் பூட்டைத் திறந்தார். கடைக் கதவைப் பாதி திறந்தவர் மறுபடி பூட்டிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் வந்தார். பென் டிரைவ் என் மேஜைமேலேயே கிடந்தது. அதை நான் எடுத்து அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதை மேஜையிலேயே விட்டு, "இதை முழுசா பாருங்க தம்பி. பார்த்துட்டு இன்னும் திட்டணும்னா திட்டுங்க" என்றார். சொல்லிவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய் நின்றார். நான் அதை எடுத்து மேஜை இழுப்பறையில் பழைய சாவிகளோடு வீசினேன். தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதையே ஐம்பது தடவை பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். உண்மையில் அது வெறும் வீம்பு.

அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் பிரிண்ட் போட வரவில்லை. அந்தச் சாம்பல் சட்டையோடு ஏரிக்குப் போவதும் நின்றுபோனது, காலை எட்டரைக்கே கடைக்கு வர ஆரம்பித்தார். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு வருஷம் இருந்தோம். சில நாள் சாயங்காலம் டீ வரும்போது, என் படி வரைக்கும் வந்து, நான் நிமிர்ந்தால் அப்படியே திரும்பிப் போவார். நான் வேண்டுமென்றே நிமிர்வேன்.

பிறகு கடையைக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்கு வாணியம்பாடிக்குப் போனார். போகிற அன்று நான் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய்விட்டேன். போன மாசம் பூக்கடைக்காரர்தான் வந்து சொன்னார், பாய் தவறிவிட்டாராம், அடக்கமும் முடிந்துவிட்டதாம்.

பூக்கடைக்காரர் போனபிறகு அந்த இழுப்பறையில் கையை விட்டு பென் டிரைவை எடுத்தேன். பாய் சொன்னபடி முழுசாகப் பார்த்தேன்.

நாற்பத்தேழு படங்கள். '300 அடி', '290 அடி', '280 அடி'. பனையடியில் இருந்த மனிதன் படத்துக்குப் படம் பெரிதானான். '140 அடி' என்ற படத்தில் அண்ணன் தலையைத் தூக்கிப் பார்க்கிறான். அடுத்த படம் '200 அடி'. பாய் பின்னால் போயிருக்கிறார். மறுபடி 190, 180. மழைக்காலம் வந்து ஏரி நிறைந்தது, வற்றியது. '60 அடி'யில் அண்ணன் நேராக லென்ஸைப் பார்க்கிறான், எழுந்து போகவில்லை. '30 அடி'யில் அவன் பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க், இரண்டு டீ கிளாஸ். அந்த ஃபிளாஸ்க் எனக்குத் தெரியும், பாய் கடையில் இருந்தது. '20 அடி'யில் அவன் முகத்தில் கண்ணாடி இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வெட்கப்படுகிறவன்போல் உட்கார்ந்திருக்கிறான்.

கடைசிப் படம் '12 அடி'. முகம் மட்டும்தான், படம் முழுக்க. தாடி நரைத்திருந்தது. மூக்கின்மேல் புதுக் கண்ணாடி, இரண்டு பக்கமும் காம்பு, நூல் இல்லை. காதோரம் சரியாக உட்கார்ந்திருந்தது. அந்தப் படத்துக்கு மட்டும் பெயர் நீளமாக இருந்தது. '12 அடி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சான்னு கேட்டார்.'

நான் ஆட்டோவில் போன அன்றைக்கு ஆறு நாள் முந்தைய தேதி.

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் செய்தது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் நான் அன்றே போயிருப்பேன், இதே 'டேய்' தான் சொல்லியிருப்பேன். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. அண்ணனைத் துரத்தியதற்காக இத்தனை வருஷம் அழுதிருக்கிறேன். பாயை நினைத்து அன்றைக்குத்தான் முதல் தடவை அழுதேன்.

கடைசிப் படத்தை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனேன். அம்மா ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தாடியை விரலால் தடவினார். அப்புறம் கண்ணாடிமேல் விரல் நின்றது.

"கண்ணாடி புதுசா இருக்குதே. யாருடா போட்டுவுட்டது?"

"பாய்."

அம்மா படத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"அந்த மனுசனைத்தான நீ தெருவுல வெச்சு அப்படிப் பேசின?"

"ஆமாம்மா" என்றேன்.